அத்தை கொடுத்தனுப்பிய மாதுளைச் சாறு

அந்தப் பாட்டிலை வாங்காதே என்று நான் அன்று சொல்லவில்லை. போடி பஸ் ஸ்டாண்டில் மூணாறு வண்டிக்காக நின்றிருந்தோம். உன் தோளில் ஒரு பை, காலடியில் ஒரு பெட்டி. அத்தை ஈரத்துணி சுற்றிய பாட்டிலைக் கூடையிலிருந்து எடுத்து உன் கையில் வைத்தாள். விடிந்ததும் மாதுளை முத்துகளை உதிர்த்து, வேட்டித் துணியில் பிழிந்து, சர்க்கரை போடாமல் கொண்டு வந்திருந்தாள். "கொச்சி போய்ச் சேர்றதுக்குள்ள குடிச்சு முடிச்சிரணும் மருமகனே. அங்க போயும் தெனம் விடாமக் குடிக்கணும். என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு" என்றாள். நீ சிரித்தாய். "அடிச்சா வலிக்கும் அத்தே, தொட்டுக்கறேன்" என்று அவள் நரைத்த வகிட்டில் கை வைத்தாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். போனதும் போன் பண்ணு, ஜன்னலோரமாக உட்காராதே, மாத்திரை கைப்பையில் இருக்கிறதா பார் என்றெல்லாம் சொன்னேன். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் நடந்தது உனக்கே தெரியும். அத்தையே உனக்குப் போன் செய்து, சத்தியத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன், இனிமேல் அதைக் குடிக்காதே என்றாள். ஏன் என்று கேட்டாய். "ஒங்கம்மாவக் கேளு" என்று வைத்துவிட்டாள். நீ என்னைக் கேட்டாய். நாளைக்கே ரத்தப் பரிசோதனைக்குப் போ, காரணத்தைப் போனில் சொல்ல எனக்கு வராது, எழுதுகிறேன் என்றேன். எழுதியதை உனக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் படிக்கிற இடத்துக்கும் அனுப்பப் போகிறேன். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நம் ஊரில் இன்று நிறைய வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்க வருகிறவர்கள் கையில் பழப்பையும் இருக்கிறது. அத்தையிடம் கேட்டுவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

உன் அப்பாவைப் பற்றி உனக்குச் சொல்லி வளர்த்த கதை ஒன்று உண்டு. மலையில் பேய் அடித்துவிட்டது, ரோட்டு வளைவில் இருக்கிறவள் எடுத்துக்கொண்டாள் என்பது அது. அப்போது நீ மூன்றாம் வகுப்பில் இருந்தாய். பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களிடமும் அதையே சொன்னாய். நான் திருத்தவில்லை. அதன் பிறகு மலை மேலே மெட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்த வளைவு வந்ததும் என் சேலைக்குள் முகத்தை மறைத்துக்கொள்வாய். கல்லூரிக்குப் போன பிறகு சேலை போய் போன் வந்தது. குனிந்து அதையே பார்த்துக்கொண்டு அந்த இடத்தைத் தாண்டுவாய். கொச்சிக்குப் போன அன்றும் அப்படித்தான் தாண்டியிருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

பதினெட்டு வயதில் கல்யாணமாகி ராசிங்காபுரத்துக்கு வந்தவள் நான். இன்று நாற்பதைத் தொடுகிறேன். நம் இருவரையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் இன்னும் அக்கா தம்பியா என்கிறார்கள். வரும்போது ஒரு தகரப்பெட்டி நிறையப் புத்தகம் கொண்டு வந்தேன். "நகைப்பெட்டின்னு நெனச்சுத் தூக்கினேன், தோள்பட்டை போச்சு" என்று உன் அப்பா எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். மெட்டுக்கு அந்தப் பக்கம் நமக்கு ஒரு சின்ன ஏலத்தோட்டம் குத்தகையில் இருந்தது. சீசனில் அங்கேயே தங்கிவிடுவோம். மலையில் மாலை மூன்று மணிக்கே மூட்டம் இறங்கி, எதிரே நிற்கும் ஆள் வெறும் நிழலாகிவிடும். அப்போது நான் விளக்கைப் போட்டுக்கொண்டு படிப்பேன். பேய் பிசாசு என்று வேலைக்கு வருகிற பெண்கள் பேசும்போது புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்க மாட்டேன். படித்த பெண்ணுக்கு அதெல்லாம் ஒட்டாது என்று நினைத்திருந்தேன்.

அப்பாவுக்கு வந்ததும் உனக்கு வந்ததும் ஒரே நோய்தான். பரம்பரையாக வந்ததில்லை என்று டாக்டர் சொன்னார். சிறுவயதில் தொண்டையில் ஆரம்பிக்கிற காய்ச்சல், சரியாகக் கவனிக்காவிட்டால் மூட்டுகளில் இறங்கி, சிலருக்கு இதயத்தின் வால்வைச் சிதைத்துவிடுகிறது. மதுரையில் அவர் நெஞ்சைத் திறந்து செயற்கை வால்வு வைத்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஆயுசுக்கும் ஒரு சின்ன மாத்திரை. மாத்திரையின் வேலை குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும். கூடினால் உடம்பில் எங்காவது கசியும். நடுவில் ஒற்றையடிப் பாதை போல ஓர் அளவு. அதில்தான் போகிறோமா என்று பார்க்க அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. இவ்வளவும் எனக்குப் புரிந்தது. சொன்னபடியே பரிசோதனைக்கும் கூட்டிப்போனேன்.

அந்த வால்வுக்கு ஒரு சத்தம் உண்டு. உனக்குத் தெரியும், உன் நெஞ்சிலும் அது இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்தால் கைக்கடிகாரம் போலக் கேட்கும். ஊரில் இருந்தவரை பஸ் சத்தத்திலும் டிவி சத்தத்திலும் அது அமுங்கிப்போனது. தோட்டத்து வீட்டின் அமைதியில் அறைக்கு வெளியிலும் கேட்டது. காய் எடுக்க வந்த ஒருத்தி, "அண்ணே, ஒங்க நெஞ்சுக்குள்ள யாரோ உக்காந்து பாக்கு வெட்டுறாக" என்றாள். "வெட்டட்டும் தாயி. நிப்பாட்டினாத்தான் நமக்குக் கஷ்டம்" என்றார் அப்பா. அதன் பிறகு அந்தப் பெண்கள் அவர் வரும்போது பேச்சை நிறுத்திவிட்டு ஒரு கணம் கவனித்துக் கேட்பார்கள். வேலை பார்க்கும் கை அப்படியே நிற்கும்.

வளைவின் கதையும் உனக்குத் தெரிந்ததுதான். ரோடு சரியில்லாத காலத்தில் தோட்டத்து வேலைக்காரி ஒருத்தியைப் பிரசவ வலியோடு நாற்காலியில் உட்காரவைத்துக் கீழே தூக்கி வந்தார்களாம். அந்த வளைவுக்கு வந்தபோது ரத்தம் போய்ப் போய் உயிர் அடங்கிவிட்டதாம். போன ரத்தத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டு அவள் அங்கேயே நிற்கிறாளாம். அதனால்தான் மலையேறுகிற ஜீப்பில் எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டு வருவதும், அந்த வளைவில் டிரைவர் வேகத்தைக் குறைத்ததும் வெளியே துப்புவதும். ரத்தத்துக்குப் பதிலாக ஒரு சிவப்பு. அங்கே இருந்த பாறையின் அடிப்பக்கம் எந்த மழையிலும் வெளுக்காமல் சிவந்தே இருந்தது.

நீ மூன்றாம் வகுப்பில் இருந்த அந்த வருடம் ஆடி மழையில் ஒரு நாள் நானும் அப்பாவும் ஜீப்பில் மேலே போனோம். வளைவு வந்தது. எல்லோரும் துப்பினார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா வெற்றிலை போடுவதை விட்டுவிட்டார். "அண்ணே, நீங்க துப்பல" என்றான் டிரைவர். "வாயில ஒண்ணுமில்லப்பா. அடுத்த தடவ ஆகட்டும்னு அவகிட்டச் சொல்லு" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஜீப்பின் பின் சக்கரம் சேற்றில் வழுக்கி வண்டி பள்ளத்துப் பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தோட்டம் வரும் வரைக்கும் ஒட்டி உட்கார்ந்திருந்த எனக்கு அப்பாவின் நெஞ்சுச் சத்தம் ஒன்றுதான் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அவர் சட்டையில்லாமல் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது பார்த்தேன். இடது முழங்கைக்கு மேலே கருநீலமாக நான்கு தடம். உட்பக்கம் ஒன்று. யாரோ பின்னாலிருந்து எட்டிப் பிடித்தது போல இருந்தது. நெஞ்சுக்குள் பாக்கு வெட்டுறாக என்று சொன்னவளும் அதைப் பார்த்துவிட்டாள். "கை வச்சுட்டா" என்றாள், என்னிடம் அல்ல, தரையைப் பார்த்து. அன்று காய் எடுக்க வந்த பெண்களில் பாதிப்பேர் மத்தியானமே இறங்கிவிட்டார்கள். அப்பா கேலி செய்தார். "ஒரு பொம்பள என் கையப் புடிச்சிருக்கா, நீ ஒண்ணும் கேக்க மாட்டியா?" என்றார் என்னிடம்.

சாப்பிட்டுவிட்டு அவர் கண்ணயர்ந்தபோது கட்டிலருகே போய் உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாக மூட்டம் உள்ளே வந்திருந்தது. அவர் கையின் மேல் என் கையைத் தொடாமல் விரித்துப் பிடித்தேன். பிறகு ஒவ்வொரு விரலாக அந்தத் தடங்களின் மேல் வைத்தேன். பொருந்தியது. நடுவிரல் நடுவிரலின் மேல், கட்டைவிரல் உட்பக்கத்துத் தடத்தின் மேல். வண்டி சாய்ந்தபோது பயத்தில் அவர் கையைப் பிடித்தது நான்தான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு நொடிதான் பிடித்திருப்பேன். அதற்கே ஒரு கை முழுதாகத் தோலுக்கடியில் எழும்பியிருந்தது. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பேயின் கை என்றால் அது வளைவிலேயே நின்றிருக்கும். என் கை அந்த வீட்டுக்குள் சோறு பிசைந்துகொண்டிருந்தது.

ரத்தம் அளவுக்கு மீறி மெலிந்திருக்கிறது என்று அந்தத் தடம் சொன்னது. அதைப் படிக்கத் தெரிந்தவள் அந்த மலையில் நான் ஒருத்திதான். "கீழ போய் டெஸ்ட் பாத்துட்டு வந்துருவோம்ங்க" என்றேன். "இந்தக் காய் எடுப்பு முடியட்டும் புள்ள. ஆள் ஏற்கெனவே பயந்து கெடக்கு. நான் எறங்கிட்டா ஒருத்தி நிக்க மாட்டா. முடிச்சிட்டு வெரசாப் போயிருவோம்" என்றார். அந்த வாரம் மெட்டு ரோட்டில் பாறை விழுந்து பஸ்சும் நின்றது. இடையில் இரண்டு நாள் காய்ச்சல் வேறு வந்து சோறு இறங்கவில்லை. பரிசோதனைக்கான நாள் கடந்து போனது.

பாறையை ஒதுக்கி ஜீப் விட்டதும் முதல் வண்டியில் அத்தை வந்து இறங்கினாள். தம்பிமேல் அவளுக்கு உயிர் என்பது உனக்குத் தெரியும். தாய் செத்த பிறகு அவரை இடுப்பில் வைத்து வளர்த்தவள். தடத்தைப் பார்த்தாள், அவர் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். "வெள்ளப் பேப்பர் மாதிரி இருக்கான். ரத்தம் சுண்டிப் போச்சு. நீ என்னத்தப் பாத்த ஆத்தா இத்தன நாளா?" என்றாள். அவள் கொண்டுவந்த சாக்கில் மாதுளம்பழம். அன்று தொடங்கியது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, பெரிய டம்ளரில். ரத்தம் ஊற மாதுளை என்று நம் வீட்டில் யாரும் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை. பிறக்கும்போதே தெரிந்து பிறக்கிறோம். எனக்கும் தெரியும். நானும் உட்கார்ந்து முத்து உதிர்த்துக் கொடுத்தேன்.

தடங்கள் கூடின. சட்டை உரசிய தோளில் ஒன்று, கட்டில் சட்டம் பட்ட தொடையில் ஒன்று. பல் விளக்கினால் நுரை சிவப்பாக வந்தது. காலையில் தலையணையில் வாயோரம் பட்ட இடம் துரு பிடித்தது போல இருந்தது. அத்தை அதைத் துவைக்கப் போட்டுவிட்டு இன்னும் இரண்டு பழம் கூடப் பிழிந்தாள். ரத்தம் போகிறது என்று அவள் சாறு கொடுத்தாள். கொடுத்தும் ஏறவில்லை, அப்படியானால் யாரோ குடிக்கிறார்கள் என்றாள். அவள் கணக்கில் தவறே இல்லை. அந்த வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பொட்டிபுரம் பக்கம் குறி சொல்லும் ஒரு கோடாங்கியிடம் கூட்டிப்போனாள். அப்பா, "அக்கா மனசு ஆறட்டும், கோடாங்கிகிட்டப் போறோம்னா ஆளும் நிக்கும்" என்று என்னிடம் கண்ணடித்துவிட்டு வந்தார். இறங்கினதோடு டெஸ்ட்டும் பார்த்துவிடலாம் என்றேன், இருட்டுறதுக்குள்ள மேலே ஏறணும் என்று தள்ளிவிட்டார். பட்டப்பகல், நல்ல வெயில். கோடாங்கி உடுக்கையை மெதுவாகத்தான் அடித்தார். அடித்துக்கொண்டே வந்தவர் திடீரென்று நிறுத்தித் தலையைச் சாய்த்தார். அப்பாவின் நெஞ்சிலிருந்து வந்த சத்தத்தை அவர் கேட்டுவிட்டார். அதன் பிறகு உடுக்கை அந்தச் சத்தத்துக்கு ஈடாகவே விழுந்தது. அது வேகமானால் இதுவும் வேகம். எது எதைப் பின்தொடர்கிறது என்று எனக்குத் தெரியாமல் போனது. கடைசியில், "செவப்பு தர்றேன்னு சொல்லிட்டு வந்திருக்க, தரல" என்றார். அப்பாவின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. ஜீப்பில் அவர் சொன்னதை நாங்கள் அத்தையிடம் சொல்லியிருக்கவில்லை. அதை யாராவது கோடாங்கியிடம் கொண்டுபோயிருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது. மலை ஜீப்பில் பேசியது அன்று மாலைக்குள் போடி முழுக்கத் தெரிந்துவிடும். அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை.

"உசிரு எதுவும் வேண்டாம். செவப்பாக் கொடுங்க. பாதி வாசல்ல அவளுக்கு, பாதி இவன் வயித்துக்கு" என்றார் கோடாங்கி. "மாதுளை ஆகுமா சாமி?" என்று கேட்டாள் அத்தை. "செவப்பா இருந்தாப் போதும் ஆத்தா." எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. ஏதாவது வேரைக் கொடு, பொடியைக் கொடு, மாத்திரையை நிறுத்து என்றிருந்தால் அங்கேயே சண்டை போட்டிருப்பேன். ஜூஸ்தானே என்று நினைத்தேன். நான் படித்த புத்தகங்களெல்லாம் பேயை நம்பாதே என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தன. பழத்தைச் சந்தேகப்படு என்று ஒன்றும் சொல்லவில்லை.

அதிலிருந்து தினமும் ஒரு டம்ளர் தோட்டத்து வீட்டு வாசலில் இருக்கும், இன்னொன்று அப்பாவின் கையில் இருக்கும். விடியும்போது வாசல் டம்ளர் காலியாகிவிடும். மரநாய் குடித்திருக்கும். ஒரு காலை அப்பா இன்னும் எழுந்திருக்கவில்லை, நான் அடுப்படியில் இருந்தேன். அவருடைய சத்தம் வாசலில் கேட்டது. அதே இடைவெளி, அதே அளவு. அறையை எட்டிப் பார்த்தேன், அவர் படுத்துத்தான் இருந்தார். வாசலுக்குப் போனேன். ஓட்டிலிருந்து பனித்தண்ணீர் காலி டம்ளருக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. டம்ளரை எடுத்துக் கவிழ்த்து வைத்தேன். அத்தை வந்து அதைத் திரும்ப நிமிர்த்தி வைத்தாள்.

எடுப்பின் கடைசி நாளன்று காலையில் அப்பா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜன்னலைத் திற என்றார். திறந்துதான் இருந்தது. வாந்தி எடுத்தார். பேச்சு குழறியது. ஜீப்பின் பின்சீட்டில் அவரைக் கிடத்தி, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். வளைவு வந்தபோது டிரைவர் பழக்கத்தில் வேகத்தைக் குறைத்தான். அத்தை பாட்டிலில் மிச்சமிருந்த சாறு முழுவதையும் வெளியே ஊற்றினாள். "எடுத்துக்கத்தா, என் தம்பிய விட்ரு" என்றாள். நான் அவர் நெஞ்சில் காதை வைத்திருந்தேன். சத்தம் ஒரு குறையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. தேனியில் பார்த்துவிட்டு, மண்டைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். என்னை அடையாளம் தெரியாமல் போன பிறகும் அந்தச் சத்தம் மட்டும் சரியாகவே இருந்தது. அது நின்றபோது டாக்டருக்கு முன்னால் எனக்குத் தெரிந்தது.

பிறகு டாக்டர் என்னை உட்காரவைத்துக் கேட்டார். சமீபத்தில் புதிதாக ஏதாவது சாப்பிட்டாரா, வேறு மருந்து, காய்ச்சல், சாப்பாட்டில் மாற்றம்? எல்லாம் சொன்னேன். சாறு என்றதும் எவ்வளவு என்று கேட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. சில பழச்சாறுகள் இந்த மாத்திரையின் வேலையைக் கூட்டக்கூடும் என்று சந்தேகம் உண்டு. எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. இவருக்கு இதனால்தான் ஆனது என்று சொல்ல முடியாது, இதனால் ஆகவில்லை என்றும் சொல்ல முடியாது. காய்ச்சலும் சாப்பிடாமல் இருந்ததும்கூடக் காரணமாக இருக்கலாம். ஆனால் முதல் தடம் தெரிந்தபோதே வந்திருந்தால் பரிசோதனையில் தெரிந்திருக்கும், மாத்திரையைக் குறைத்திருப்போம். அவ்வளவுதான் சொன்னார். வெளியே குழாயடியில் அத்தை நின்றிருந்தாள். "என்னத்தா சொன்னாரு?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "அவர் என்ன சொல்லுவாரு. அவதான் எடுத்துட்டா" என்றாள். நான் தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டலிலிருந்து வளைவில் நிற்கிறவளை நம் வீட்டில் குடிவைத்தேன். அவள் இருந்தால் பழி அவள் மேல். அவள் இல்லையென்றால் அத்தையின் கை மேல், என் கை மேல். அதனால் அவளைச் சாகவிடாமல் பார்த்துக்கொண்டேன். நீ பயந்து என் சேலைக்குள் ஒளிந்தபோதும் அங்கே யாருமில்லை என்று சொல்லவில்லை. நம்பாத ஒன்றை இத்தனை வருடம் பராமரித்தால் அதற்கு உடம்பு வந்துவிடுகிறது. இப்போதெல்லாம் அந்த வளைவில் பஸ் திரும்பும்போது நானும் வெளியே பார்ப்பதில்லை.

போன வருடம் உனக்கும் வால்வு மாற்றி வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அன்று மத்தியானம் நீ தூங்கிக்கொண்டிருந்தாய். சமையலறையில் நின்ற எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. எத்தனையோ வருடத்துக்கு முன் நின்றுபோனது, அதே அளவில், அடுத்த அறையிலிருந்து. கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு நின்றேன். அத்தைக்கும் கேட்டுவிட்டது. முற்றத்தில் இருந்தவள் எழுந்து வந்து உன் அறை வாசலில் நின்று கேட்டாள். "தம்பி வந்துட்டான்" என்றாள். அழவில்லை. அன்று மாலையே மாதுளையோடு வந்தாள். நீ வீட்டிலிருந்த காலமெல்லாம் அவள் தினமும் கொண்டுவந்த சாற்றை, "நான் குடுக்குறேன் மதினி" என்று வாங்கிக்கொண்டு போய் அடுப்படியில் நின்று நான் குடித்தேன். "சாறு நல்லா இருந்துச்சா மருமகனே?" என்று அவள் கேட்டபோதெல்லாம் எதைச் சொல்கிறாள் என்று தெரியாமலே நீ தலையாட்டினாய்.

கொச்சிக்குப் போய் ஒரு வாரத்தில் நீ பேசியபோது, "அத்தைகிட்டச் சொல்லிருங்கம்மா, சத்தியத்தக் காப்பாத்துறேன். இங்க ரூம் பக்கத்துலயே ஜூஸ் கடை, ரெண்டு வேளையும் குடிக்கிறேன்" என்றாய். அதற்கடுத்து, ஷேவ் பண்ணும்போது லேசாக வெட்டியது, ரத்தம் நிற்க நேரமானது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாய். போனை வைத்துவிட்டு நேராக அத்தை வீட்டுக்குப் போனேன். புளி கொட்டையெடுத்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து நானும் ஒரு கை எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அந்தத் தடத்தில் என் விரல் பொருந்தியதிலிருந்து டாக்டர் சொன்னது வரைக்கும். அவள் கை நிற்கவே இல்லை. முடித்த பிறகும் கொஞ்ச நேரம் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்த வளைவுல யாருமில்லையா?" என்றாள்.

"தெரியல மதினி."

"படிச்சவ நீ. தெரியலங்கிற."

"டாக்டரும் உறுதியாச் சொல்லல. காய்ச்சல் வந்துச்சு, டெஸ்ட்டுக்குப் போகல, நானும் சும்மா இருந்தேன். எல்லாந்தான்."

என் கையை எடுத்து விரித்துப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். புளிச்சாறு காய்ந்து விரலெல்லாம் பழுப்பாக இருந்தது. "நெதம் நாந்தான புழிஞ்சு குடுத்தேன்" என்றாள். புளியைத் தள்ளி வைத்தாள். "அவனுக்குப் போனப் போடு" என்றாள்.

நீ இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பயந்துபோய் மாத்திரையை நீயாக நிறுத்தாதே, நீயாகக் குறைக்காதே. அது இதைவிடப் பெரிய ஆபத்து. பழத்தையே தொடாதே என்றும் சொல்லவில்லை. சாறோ கீரையோ கஷாயமோ, தலைவலிக்குக் கடையில் வாங்கும் மாத்திரையோ, புதிதாக ஒன்றைத் தொடங்கினால் முதலில் டாக்டரிடம் சொல். அற்பம் என்று நினைப்பதைத்தான் முதலில் சொல். சாப்பாடு ஒரே சீராக இருக்கட்டும். பரிசோதனையைத் தள்ளிப்போடாதே. காரணமில்லாமல் தடம் தெரிந்தாலோ, ஈறில் ரத்தம் வந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ, இதுவரை வராத தலைவலி வந்தாலோ சீசன், வேலை, லீவு என்று எதையும் பார்க்காமல் போ. நாளை உனக்கு ஒருத்தி வருவாள். அவளிடமும் இதைச் சொல்லிவை. அன்பாகக் கொடுக்கிறவர்களிடம் வேண்டாம் என்று சொல்வது கஷ்டம். எனக்கு அது வரவே இல்லை. நீ பழகிக்கொள்.

போன் செய்த மறுநாள் நீ கொச்சியில் பரிசோதனைக்குப் போனாய். ரத்தம் இருக்க வேண்டிய அளவுக்கு மேல் மெலிந்திருந்தது. டாக்டர் சாற்றை நிறுத்தச் சொல்லி மாத்திரையையும் மாற்றிக் கொடுத்தார், அடுத்த பரிசோதனையில் சரியாகிவிட்டது. அத்தை வழக்கம் போல நம் வீட்டுக்கு வருகிறாள், பேசுகிறாள், உன்னைப் பற்றிக் கேட்கிறாள். ஆனால் அன்றிலிருந்து யார் கையிலும் அவள் எதையும் கொடுப்பதில்லை. தண்ணீர் கேட்டால்கூடச் சொம்பைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்கிறாள், நாம்தான் எடுத்துக் குடிக்க வேண்டும்.